அடியில் கட்டியிருந்த பள்ளங்கள்: பருத்தழும்புக்கு ஒரு சிறு சிகிச்சை, மூன்று அமர்வுகள்

நகைக்கடையில் விளக்கெல்லாம் தலைக்கு நேர் மேலே இருக்கும். கல் மின்ன வேண்டும், தங்கம் பளபளக்க வேண்டும் என்பதற்காக அப்படி அமைக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் 27 வயதுப் பெண் ஒருவர், கன்னத்துப் பள்ளங்களுக்காக என்னிடம் வந்தார். திருநெல்வேலிக்காரர். அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"வீட்டுக் கண்ணாடில பாத்தா ஒண்ணும் பெருசா தெரியல மேடம். கடையில போயி நின்னாதான் எல்லாம் தெரியுது" என்றார். கூட வந்த அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. "ஏட்டி, எங்க தெரியுது? நீயா நெனச்சுக்கிட்டு மருகாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மகள் சொன்னதுதான் சரி. வீட்டில் ஜன்னலைப் பார்த்து நின்றால் வெளிச்சம் முகத்தில் நேராக விழும். பள்ளத்துக்குள்ளும் வெளிச்சம் போய்விடுவதால் அது கண்ணில் படாது. வெளிச்சம் மேலிருந்து விழுந்தால், ஒவ்வொரு பள்ளத்தின் மேல்விளிம்பும் தன் நிழலை உள்ளே போடும். நாம் தழும்பு என்று பார்ப்பது பெரும்பாலும் அந்த நிழலைத்தான். அவர் தினமும் பூசிக்கொண்டு போன கன்சீலர் கறுப்பை மறைத்தது. நிழலை எந்தக் கன்சீலராலும் மறைக்க முடியாது.

என் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை நெற்றிக்கு மேலே பிடித்து அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்தேன். "ஆமா, இதான்" என்றார். அம்மாவும் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

முன்கதை

பரு 17 வயதில் ஆரம்பித்திருக்கிறது. 19 வயதில், பக்கத்து மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறார். முகம் வெளுக்கும், பருவும் அடங்கும் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். ட்யூபின் படத்தை இன்னும் போனில் வைத்திருந்தார். பீட்டாமெத்தசோன் கலந்த ஸ்டீராய்டு. முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் பரு பொங்கியது, மறுபடி பூசினால் அடங்கியது. இப்படியே இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. அந்த இரண்டு வருடத்தில்தான் பரு வெறும் கொப்புளமாக இல்லாமல், தொட்டால் வலிக்கிற கட்டிகளாக மாறியிருக்கிறது. கட்டிகளைக் கிள்ளியும் இருக்கிறார்.

இது இவர் ஒருவரின் கதை அல்ல. இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஊர்களில் சேர்ந்து நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் பிரச்சினையோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை, மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அந்த வருடத்துக்குப் பிறகும் என் அறைக்கு அந்த ட்யூப்கள் வருவது நின்றபாடில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை. பள்ளம் விழுந்த பிறகு நாங்கள் செய்வது எல்லாமே பாதி மீட்புதான். பரு கட்டியாகும் முன்பே அந்த முகம் எங்களிடம் வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

24 வயதில் ஒரு மருத்துவர் ஐசோட்ரெட்டினாயின் கொடுத்து ஆறு மாதத்தில் பருவை முழுக்க அடக்கியிருக்கிறார். அது நல்ல வேலை. அதற்குப் பிறகு, ஒரு தனியார் ஸ்கின் கிளினிக்கில் ஆறு அமர்வு பேக்கேஜாகப் பணம் கட்டி ஃப்ராக்‌ஷனல் லேசர் செய்திருக்கிறார். ஆறும் முடிந்த பிறகு, "உங்க ஸ்கின் அப்படி, இன்னும் ஆறு போடணும்" என்றார்களாம். என்னிடம் வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "என் ஸ்கின்தான் சரியில்லையா மேடம்?" என்பது.

பரிசோதனை

பள்ளம் விழுந்த பருத்தழும்பை மூன்றாகப் பிரிப்பது 2001-லிருந்து வழக்கத்தில் இருக்கிறது. ஐஸ்பிக் என்பது ஊசியால் குத்தியது போல் வாய் குறுகி ஆழமாகப் போவது. வாயின் அகலம் 2 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். பாக்ஸ்கார், அம்மைத் தழும்பு போல விளிம்பு செங்குத்தாக இறங்கி அடி தட்டையாக இருப்பது. ரோலிங் என்பது அகலமானது, 4 அல்லது 5 மில்லிமீட்டர். விளிம்பு என்று ஒன்று தெரியாது. தோல் மேடும் பள்ளமுமாக அலையடித்தது போல் இருக்கும்.

இவருக்கு மூன்றுமே இருந்தன. ஆனால் கண்ணை உறுத்தியது ரோலிங்தான். இரண்டு கன்னங்களிலும் சேர்த்து 18. நெற்றிப்பொட்டுப் பக்கத்திலும் மேல்கன்னத்திலும் இருபது இருபத்தைந்து ஐஸ்பிக் குழிகள். வாயோரம் இரண்டு பாக்ஸ்கார். 2006-இல் குட்மன், பேரன் இருவரும் வகுத்த தரவரிசையில் இது மூன்றாம் நிலை: ஐம்பது சென்டிமீட்டர் தள்ளி நின்றாலும் தெரியும், பூச்சால் மறையாது, ஆனால் தோலை இழுத்தால் தட்டையாகிவிடும்.

அந்தக் கடைசி வரிதான் இந்த நோயாளிக்குத் திறவுகோல். காதுப் பக்கமாகக் கன்னத்தை மெல்ல இழுத்தேன். பள்ளங்கள் பெரும்பாலும் காணாமல் போயின. அப்படியென்றால் மேல்தோல் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு பள்ளத்தைச் சுற்றி இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினேன். சுற்றியிருந்த தோல் எழும்பியது. நடுப்பகுதி மட்டும் எழும்பாமல் உள்ளுக்குள் இழுத்தது. சிரிக்கச் சொன்னபோது அந்த இடங்கள் இன்னும் ஆழமாயின.

பெரிய கட்டி ஒன்று ஆறும்போது, தோலின் நடு அடுக்கான டெர்மிஸிலிருந்து அதற்குக் கீழே உள்ள கொழுப்பு வரை நார்கள் உருவாகின்றன. அவை சுருங்கும்போது தோலை அடியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. மெத்தையில் பஞ்சு நகராமலிருக்க அங்கங்கே நூல் கோத்துக் கட்டுவார்களே, அந்த இடங்கள் குழிந்து நிற்பது போலத்தான் இதுவும். மெத்தைத் துணிக்கு எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் அந்தக் குழி போகாது. நூலை அறுக்க வேண்டும்.

ஃப்ராக்‌ஷனல் லேசர் கெட்ட சிகிச்சை அல்ல. அது தோலில் நுண்ணிய தூண் போன்ற காயங்களை உண்டாக்கி, அவை ஆறும்போது தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனைப் புதிதாக வர வைக்கிறது. இவருடைய ஆழமில்லாத சில தழும்புகள் அதனால் மங்கியிருந்ததையும் பார்த்தேன். ஆனால் இழுத்துப் பிடித்திருக்கும் நார், லேசர் போய்ச் சேரும் ஆழத்துக்கும் கீழே இருக்கிறது. அதைத்தான் அவருக்குச் சொன்னேன்: உங்க ஸ்கின்ல குறை இல்லம்மா, சிகிச்சையோட வரிசைதான் மாறிப்போச்சு.

திட்டம்

நாரை அறுக்கும் சிகிச்சைக்கு சப்சிஷன் என்று பெயர். 1995-இல் அமெரிக்காவில் ஓரென்ட்ரைக் என்ற தோல் மருத்துவக் குடும்பத்தைச் சேர்ந்த இருவர் இதை முறையாக எழுதி வெளியிட்டார்கள். ஊசியைத் தோலுக்கு அடியில் கிடையாகச் செலுத்தி, நார்களை அறுத்துவிடுவது. வெளியே தெரிவது ஊசித் துளை மட்டும்தான், தையல் கிடையாது. அறுபட்ட இடத்தில் கொஞ்சம் ரத்தம் தேங்கும். தோல் மறுபடி கீழே ஒட்டிக்கொள்ளாமல் அது ஒரு இடைவெளியாக நிற்கும். பின்னால் அங்கேயே புது இணைப்புத்திசு வளரும்.

முதலில் சப்சிஷன், ஐஸ்பிக் குழிகளுக்கு அமிலம் தொட்டு வைக்கும் டிசிஏ கிராஸ், எல்லாம் தளர்ந்த பிறகு மேல்பரப்பை நுண்ணூசிகளால் குத்தும் மைக்ரோநீட்லிங். இந்த வரிசையைச் சொல்லிவிட்டு, பாதிக்கு மேல் சரியாகலாம், முழுக்கப் போகாது என்றும் முதல் நாளே சொன்னேன். சொன்னதைத் தாளில் எழுதியும் கொடுத்தேன். தழும்பு சிகிச்சையில் மனம் உடைவது பெரும்பாலும் முடிவைப் பார்த்து அல்ல, ஆரம்பத்தில் கிடைத்த வாக்குறுதியை நினைத்துத்தான்.

தேதியை முடிவு செய்தது அவர். முகம் ஒரு வாரம் வீங்கும், கன்றிப்போகும் என்றதும், "ஆடில வச்சுக்கலாமா மேடம்? முகூர்த்தம் கிடையாது, லீவு தருவாங்க" என்றார். பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்து, புரட்டாசி, மார்கழி என்றார். கல்யாணம் இல்லாத மூன்று மாதங்கள். நான் அமர்வுகளுக்கு இடையே குறைந்தது எட்டு வாரம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பஞ்சாங்கம் அதைவிட நன்றாகவே இடைவெளி கொடுத்தது.

அதுவரை நான்கு வாரம் முகத்தைத் தயார்ப்படுத்தினோம். நம் மாநிறத் தோலில் எந்தக் காயமும் ஆறும்போது கறுப்பை விட்டுவிட்டுப் போகும். அதனால் இரவில் ட்ரெட்டினாயின் களிம்பு, காலையில் சன்ஸ்கிரீன். சன்ஸ்கிரீனைப் பொட்டு வைப்பது போலத் தொட்டுப் பூசினால் பயனில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்க வேண்டும். பாளையங்கோட்டை வெயிலில் ஸ்கூட்டியில் போகிறவருக்கு இது சிகிச்சைக்கு முந்தைய சடங்கு அல்ல, சிகிச்சையின் பாதி.

ஆடி: முதல் அமர்வு

குறியிடுவதை எப்போதும் நோயாளியை உட்காரவைத்துத்தான் செய்ய வேண்டும். படுத்தால் கன்னம் பின்னோக்கிச் சரிந்து பள்ளங்கள் ஆழம் குறைந்துவிடும். மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திய பிறகோ, வீக்கத்தில் ஒன்றுமே தெரியாது. நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கை நேர் மேலே கொண்டுவந்து, நிழல் விழுந்த ஒவ்வொரு இடத்தையும் பேனாவால் வட்டமிட்டேன். 18 வட்டங்கள். தாடை விளிம்பில் முகத் தமனி ஏறி வரும் இடத்தையும், உதட்டை இறக்கும் நரம்பு போகும் பாதையையும் தனி நிறத்தில் குறித்துக்கொண்டேன். அங்கே ஊசி மேலோட்டமாகத்தான் போக வேண்டும்.

மரத்துப்போக ஒரு சதவீத லிக்னோகெய்ன், அட்ரினலின் சேர்த்தது, ஒரு கன்னத்துக்கு 8 மில்லி. மொத்தம் 160 மில்லிகிராம். 52 கிலோ எடைக்கு அட்ரினலினோடு அனுமதிக்கப்படும் அளவில் பாதிக்கும் குறைவு. தோல் வெளுக்கும் வரை பதினைந்து நிமிடம் காத்திருந்தேன். இந்தக் காத்திருப்பைச் சுருக்கினால் ரத்தம் அதிகம் வரும்.

18 கேஜ் நோக்கர் ஊசி. அதன் முனை சின்னக் கத்தி போல முக்கோணமாக இருக்கும். காதுக்கு முன்பக்கம் ஒரு துளையில் நுழைந்து, பிளேடு தோலுக்கு இணையாகப் படுத்திருக்கும்படி பள்ளத்தின் அடிக்குக் கொண்டுபோனேன். வலது கை ஊசியைத் தள்ள, இடது கைக் கட்டைவிரல் மேலே தோலின் மீது இருந்தது. ஊசி முனை எங்கே, எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை அந்த விரல்தான் சொல்லும். முதலில் முன்னும் பின்னும். பிறகு விசிறி விரிவது போலப் பக்கவாட்டில். நார் அறுபடும்போது ஒரு சத்தம் வரும், ஈரச் சணலைக் கத்தியால் அறுப்பது போல, கரகரவென்று. நோயாளிக்கும் அது தலைக்குள் கேட்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துவிடுவார்கள். இவரிடம் சொல்லியிருந்தேன். நடுவில் ஒருதடவை, "இப்ப அறுந்துச்சுல்ல மேடம்?" என்று கண்ணை மூடியபடியே கேட்டார். அறுந்திருந்தது. தடை விலகி ஊசி வழுக்கிப் போவதை என் கையும் அதே நொடியில் உணர்ந்தது.

இரண்டு கன்னமும் முடிய நாற்பது நிமிடம் ஆனது. துளை வழியாக மிகுதி ரத்தத்தைப் பிதுக்கி எடுத்து, அழுத்திப் பிடித்து, ஐஸ் வைத்து, அழுத்தக் கட்டோடு வீட்டுக்கு அனுப்பினேன்.

பதினெட்டாம் நாள்

கன்றல் பத்து நாளில் ஊதாவிலிருந்து மஞ்சளாகி மறைந்தது. ஆனால் பதினெட்டாம் நாள் அம்மா போன் செய்தார். "டாக்டரம்மா, இடது கன்னத்துல பட்டாணி கணக்கா ஒண்ணு திரண்டு நிக்குது. கட்டி கிட்டி ஏதும் வந்திருச்சா?"

வந்து பார்த்தபோது, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான, கெட்டியான முண்டு இருந்தது. சிவப்பில்லை, சூடில்லை, தொட்டால் வலியில்லை. தொற்று அல்ல. அளவுக்கு மீறித் தேங்கிய ரத்தம் நாராக இறுகிய முடிச்சு. சப்சிஷனில் இது தெரிந்த பக்கவிளைவுதான். ஆனாலும் ஏன் அந்தப் பக்கம் மட்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன்.

காரணம் இரண்டு, இரண்டுமே என் பக்கத்தில். இடது கன்னத்தின் நடுவில் ஒரு நார் அறுபடாமல் முரண்டியது. அங்கே ஊசியைத் தேவைக்கு மேல் நாலைந்து தடவை ஓட்டியிருந்தேன். இரண்டாவது, அமர்வுக்கு முன் அவரிடம் "ஆஸ்பிரின், ரத்தம் இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். உண்மைதான். முந்தைய நாள் மாதவிலக்கு வலிக்கு மெஃபனமிக் ஆசிட் இரண்டு மாத்திரை போட்டிருந்தார். அதுவும் ரத்தம் உறைவதைத் தற்காலிகமாகத் தளர்த்தும். அவரைப் பொறுத்தவரை அது வயிற்றுவலி மாத்திரை. நான் கேட்ட கேள்வியில் அது அடங்கவில்லை. இப்போது எல்லோரிடமும், "போன வாரம் தலைவலி, வயித்துவலி, காய்ச்சல்னு எந்த மாத்திரையாவது போட்டீங்களா?" என்றே கேட்கிறேன். என் கிளினிக் படிவத்திலும் அப்படியே மாற்றிவிட்டேன்.

முண்டுக்குள் நீர்த்த ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டை, மில்லிக்கு 2.5 மில்லிகிராம் அளவில், கொஞ்சமே கொஞ்சம் செலுத்தினேன். அதிகமானால் அங்கே தோல் மெலிந்து, நிரப்ப வந்த இடத்தில் புதுப் பள்ளம் விழும். ஐந்து வாரத்தில் முண்டு கரைந்தது.

குழிகளுக்கு வேறு வழி

ஐஸ்பிக் குழிக்கு சப்சிஷன் பயன்படாது. குழாய் போல நேராக இறங்கும் அதன் சுவரே தழும்பு. 2002-இல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட கிராஸ் முறையில், ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தைக் குழிக்குள் மட்டும் தொட்டு வைப்பார்கள். சுவர் வெந்து, ஆறும்போது அடியிலிருந்து மேலே நிரம்பி வரும். அவர்கள் 65 சதவீதமும் 100 சதவீதமும் பயன்படுத்தினார்கள். இவருடைய நிறத்துக்கு நான் 70-இல் ஆரம்பித்தேன், அதுவும் முதலில் முடியோரம் இரண்டே குழிகளில்.

பல்குத்தும் குச்சியின் முனையை இன்னும் கூராக்கி, அமிலத்தில் நனைத்து, சொட்டு தொங்காதபடி வழித்துவிட்டு, தோலை விரித்துப் பிடித்துக் குழியின் அடியில் ஒரு தொடல். சில நொடிகளில் அந்தப் புள்ளி மட்டும் சுண்ணாம்பு வைத்தது போல் வெளுக்கும். விளிம்பில் சிந்தினால் குழி அகலமாகிவிடும். கை நடுங்கும் நாளில் செய்யவே கூடாத வேலை இது. ஆவணியிலிருந்து மாதம் ஒருமுறை என நான்கு தடவை செய்தோம். பொருக்கு ஐந்தாறு நாளில் உதிரும். மூன்றாம் தடவைக்குப் பிறகு வந்த கரும்புள்ளிகள் ஆறு வாரம் நின்றன. அந்த ஆறு வாரமும் அவர் என்னைவிடப் பொறுமையாக இருந்தார்.

புரட்டாசி, மார்கழி

இரண்டாம் அமர்வுக்கு உட்காரவைத்து வட்டமிட்டபோது 11 வந்தது. இந்தத் தடவை மழுங்கிய முனை கொண்ட மெல்லிய குழாயான கேனுலாவை எடுத்தேன். அது ரத்தக்குழாயை வெட்டாமல் ஒதுக்கிக்கொண்டு போகும். ஆனால் பலமான நாரை அறுக்காது. ஒன்பது இடங்களில் கேனுலாவே போதுமானதாக இருந்தது. இரண்டு இடங்களுக்கு மட்டும் நோக்கர் ஊசி. அளவோடு ஓட்டி, ஒவ்வொரு கன்னத்தையும் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் அழுத்தினேன். கன்றல் ஐந்து நாளில் போய்விட்டது. முண்டு வரவில்லை.

மார்கழியில் மறுபடி விடாப்பிடியான நான்கைந்து இடங்களுக்கு மட்டும் சப்சிஷன். ஆறு வாரம் கழித்து, தைப்பூசம் முடிந்து, 1.5 மில்லிமீட்டர் ஆழத்தில் மைக்ரோநீட்லிங் ஒரு தடவை. அதில் விவரிக்க ஒன்றுமில்லை, எதிர்பார்த்தபடி நடந்தது.

இப்போது

கடைசி மைக்ரோநீட்லிங் முடிந்து ஆறு மாதம் ஆகிறது. கொலாஜன் மெதுவாகத்தான் உருவாகும் என்பதால் அதற்கு முன் முடிவைப் பேச நான் விரும்பவில்லை. தரவரிசையில் மூன்றாம் நிலையிலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறார். கன்னம் இரண்டும் நல்ல மாற்றம். ஐஸ்பிக் குழிகளில் மேல்கன்னத்தில் இருந்தவை ஆழம் குறைந்திருக்கின்றன. நெற்றிப்பொட்டுப் பக்கத்துக் குழிகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. அங்கே நான் நினைத்தது நடக்கவில்லை. வாயோரத்து இரண்டு பாக்ஸ்கார்களுக்குச் சின்ன பஞ்ச் கருவியால் அடியை மட்டும் வெட்டி மேலே தூக்கி வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். ஐப்பசி முகூர்த்தத்துக்கு முன்னால், புரட்டாசியிலேயே செய்துவிடலாமா என்று கேட்கிறார்.

கடைசி முறை வந்தபோது, வழக்கம்போல உட்காரவைத்து விளக்கை நேர் மேலே கொண்டுவந்தேன். புகைப்படத்துக்காக, நிழல் விழும் இடங்களை வட்டமிட்டேன். 6 வந்தது. துடைத்துவிட்டு, பேனாவையும் கைக்கண்ணாடியையும் அவரிடமே கொடுத்து, கடை வெளிச்சத்தில் நீங்கள் எதைப் பார்ப்பீர்களோ அதை நீங்களே போடுங்கள் என்றேன். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, நிதானமாகப் பார்த்தார். இடது கன்னத்தில் மூன்று, வலதில் ஒன்று போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.